வீடு பெரும்பாக்கத்தில்... ஆஸ்பத்திரி சென்ட்ரலில்!

பிரசவம் என்றால் எழும்பூர் ஆஸ்பத்திரி, நெஞ்சுவலி என்றால் சென்ட்ரல் ஜி.எச். சிந்தாதிரிப்பேட்டை கூவம் ஓரத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு இரண்டுமே கூப்பிடு தூரம். அரசு அவர்களைப் பெரும்பாக்கத்தில் குடியேற்றிய பிறகு, அதே ஆஸ்பத்திரிகள் சுமார் 25 கிலோ மீட்டர் தள்ளிப் போய்விட்டன.

இப்படிக் குடியேற்றப்பட்டவர்களுக்காக 2000-ல் கண்ணகி நகர், அடுத்து செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு மளமளவென்று நிரம்பிய பெரும்பாக்கம். தென்சென்னையின் இந்த மூன்று குடியிருப்புகளிலும் சேர்த்து 40,000-க்கும் அதிகமான வீடுகள். ஆற்றங்கரையில் வெள்ளத்துக்குப் பயந்து கிடப்பதைவிட, கழிப்பறையோடு கூடிய கான்கிரீட் வீடு மேல் அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால், கனமழை பெய்தால் செம்மஞ்சேரித் தெருக்களிலும் தண்ணீர் நிற்கிறது.

மயிலாப்பூர், மந்தைவெளி வீடுகளில் வேலை பார்க்கும் பெண்கள் விடிவதற்குள் பஸ் பிடித்தாக வேண்டும். காலைச் சாப்பாடு தவறுகிறது. வெறும் வயிற்றில் சுகர் மாத்திரை போடப் பயந்து, அதுவும் தவறுகிறது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வருவது பெரிய ஆறுதல். பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் ஒரு நாள் கூலி போச்சு.

வேலை தேடும் இளைஞர்களுக்கு வேறு சிக்கல். கண்ணகி நகர் என்றாலே முகம் சுளிப்பார்கள் என்று, விண்ணப்பத்தில் ‘துரைப்பாக்கம்’ என்று எழுதியவர்கள் பலர். 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கபடி அணியோடு தங்கம் வென்ற கண்ணகி நகர்ப் பெண், தன் ஊர்ப் பெயரைப் பெருமையோடு சொன்ன பிறகு பேச்சு கொஞ்சம் மாறியிருக்கிறது.

எல்லாவற்றையும்விடக் கவலை தருவது முதியவர்களின் நிலை. குடிசையில் வாசலைத் தாண்டினால் தெரு. பேச்சுத் துணைக்குப் பத்துப் பேர். பெரும்பாக்கத்திலோ எட்டு அடுக்குக் கட்டடங்கள். லிஃப்ட் நின்றுவிட்டால், மூட்டுவலிக்காரப் பாட்டிக்கு ஆறாவது மாடியே சிறை. மூச்சுத் திணறல் வந்தால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நாலு பேர் படிப்படியாகத் தூக்கி இறக்க வேண்டும். ஆம்புலன்ஸ் கீழே வந்து நின்று என்ன பயன்?

அடுத்த ஆற்றங்கரையைக் காலி செய்வதற்கு முன், ஐந்து கிலோ மீட்டருக்குள் அரசு மாற்று இடம் தேடட்டும். அதற்கு வழியில்லை என்றால், முதியவரோ நோயாளியோ இருக்கும் குடும்பத்துக்குத் தரைத்தள வீடு என்பதையாவது விதிவிலக்கில்லாமல் நிறைவேற்ற வேண்டும்.