வேகம் கூடினால் கலக்க மறுக்கும் காற்று

வெவ்வேறு வேகத்தில் போகும் இரண்டு வாயுக்கள் உரசும் இடத்தில் சுழல்கள் பிறக்கும். அவைதான் இரண்டையும் கலக்கின்றன. வேகம் ஏற ஏறக் கொந்தளிப்பு கூடும், கலப்பும் வலுக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஒலியை விஞ்சும் மீயொலி வேகத்தில் நடப்பதோ நேர்மாறு. கலக்கும் படலம் அகலாமல் மெலிந்துபோகிறது.

இதற்கு முதலில் எளிதாக ஒரு விளக்கம் கிடைத்தது. காற்றுச் சுரங்கத்தில் விரிந்து வேகமெடுக்கும் காற்று கடுமையாகக் குளிரும். மாக் 5 வேகத்தில், அதாவது ஒலியைப்போல் 5 மடங்கு வேகத்தில், அருகே அசையாமல் நிற்கும் காற்றைவிட அது சுமார் 6 மடங்கு அடர்த்தியாகிவிடும். இந்த அடர்த்தி வேறுபாடே கலப்பைத் தடுக்கிறது என்று பலர் கருதினார்கள்.

அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் கேரி பிரவுனும் அனடோல் ரோஷ்கோவும் இதைச் சோதித்த விதம் அபாரமானது. மீயொலி வேகத்தை அடியோடு விலக்கி, அடர்த்தியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஒலி வேகத்துக்கு வெகு கீழே, ஹீலியத்தையும் அதைப்போல் 7 மடங்கு அடர்ந்த நைட்ரஜனையும் பக்கம் பக்கமாகப் பாயவிட்டார்கள். படலம் மெலிந்தது உண்மை. ஆனால் மீயொலி வேகத்தில் காணும் மெலிவுக்கு அது ஈடாகவில்லை. அப்படியானால் காரணம் வாயுவின் அமுங்கும் தன்மையில்தான் இருக்க வேண்டும். 1974இல் வெளியான அந்த ஆய்வின் நிழற்படங்கள் இன்னொன்றையும் காட்டின: தாறுமாறான குழப்பம் என்று எண்ணப்பட்ட கொந்தளிப்புக்குள் பெரிய சுழல்கள் வரிசை கட்டி உருண்டுகொண்டிருந்தன. கொந்தளிப்பு பற்றிய எண்ணத்தையே மாற்றிய படங்கள் அவை.

மீயொலி ஓட்டத்தில் கருவி எதையாவது நுழைத்தால், அதன் முன்னே அதிர்வலை எழுந்து அங்குள்ள ஓட்டத்தைக் குலைத்துவிடும். அதனால், 1864இல் ஆகஸ்ட் டோப்ளர் பயன்படுத்திய ஷ்லீரன் ஒளிமுறை இன்றும் கைகொடுக்கிறது. அடர்த்தி மாறும் இடத்தில் ஒளி வளைவதைப் படம்பிடிக்கும் முறை இது. 1988இல் டிமித்ரி பாப்பமோஸ்கோவும் ரோஷ்கோவும் இதைக் கொண்டு மீயொலிப் படலங்களைப் படம்பிடித்தார்கள்; அவை விரியும் வேகத்தையும் அளந்தார்கள். சுழலோடு சேர்ந்து பயணிப்பவருக்கு ஓட்டம் எவ்வளவு வேகமாகத் தெரியும் என்பதைக் கணக்கிட்டதும், சிதறிக் கிடந்த அளவுகள் ஒரே கோட்டுக்கு அருகே வந்து சேர்ந்தன. அந்த வேகம் ஒலியைத் தாண்டினால், படலம் விரியும் வேகம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியது.

காற்றில் அழுத்த மாற்றம் ஒலியின் வேகத்தில்தான் பரவும். சுழலின் ஒரு பக்கம் நடப்பது மறுபக்கத்தை எட்டுமுன் ஓட்டம் கடந்துவிடுகிறது. சுழலை வளர்க்கும் அழுத்த ஏற்ற இறக்கம் தளர, கொந்தளிப்பும் தளர்கிறது.

மீயொலி வேகத்தில் பாயும் காற்றிலேயே எரிபொருளை எரிக்கும் ஸ்கிராம்ஜெட் எஞ்சினுக்கு இந்தக் கலப்புக் குறைவே பெரிய இடையூறு. 2016 ஆகஸ்ட் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவி, மாக் 6 வேகத்தில் இஸ்ரோ சோதித்தது இத்தகைய எஞ்சினைத்தான். அது 5 விநாடி இயங்கியது. எரிகலத்தில் காற்று தங்குவது சில மில்லிவிநாடிகளே. அதற்குள் எரிபொருள் கலந்து எரிந்தாக வேண்டும். அதனால் பொறியாளர்கள் எரிபொருளை ஓட்டத்துக்குக் குறுக்கே பீய்ச்சுகிறார்கள். சரிவான முகடுகளை வைத்து ஓட்டத்தின் திசையிலேயே முறுக்கிச் செல்லும் சுழல்களை உண்டாக்குகிறார்கள். சுவரில் பள்ளம் அமைத்துச் சுடரை அணையாமல் காக்கிறார்கள்.