கசியும் கால்கள்

பழைய மண் பந்தய பைக்குகளில் ஃபோர்க் சீல் மாற்றுவது சின்ன வேலை. ஆனால் மாற்றிய சீல் மூன்றே மாதத்தில் மறுபடி கசிந்தால், குற்றவாளி வேறு இடத்தில் இருக்கிறான்.

பார்த்தால் வெறும் கறுப்பு ரப்பர் வளையம். ஒரு ஜோடியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்ளலாம். டில்லியின் கரோல் பாக், பெங்களூரின் ஜே.சி. ரோடு, சென்னையின் புதுப்பேட்டை போன்ற உதிரிபாகக் கடைத்தெருக்களில் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்துவிடும். ஆனால் பள்ளத்தில் பாய்ந்து இறங்கும் பைக்கின் முன்சக்கரம் ஓட்டுபவரின் பேச்சைக் கேட்குமா, கேட்காதா என்பது இந்த வளையத்தின் கையில்தான் இருக்கிறது.

இந்தியாவில் மண் பந்தயம் வளர்ந்தது மண்ணுக்கென்றே பிறந்த வண்டிகளால் அல்ல. வெளிநாட்டு மோட்டோகிராஸ் பைக்கை இறக்குமதி வரி கட்டி வரவழைக்க முடிந்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் ரோட்டில் ஓடியதையே மண்ணில் இறக்கினார்கள். முதலில் மைசூரின் ஐடியல் ஜாவா ஆலையிலிருந்து வந்த ஜாவாவும் யெஸ்டியும். பிறகு, 1985ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ஜப்பானிய பாகங்களைக் கோத்து வெளியிட்ட யமஹா ஆர்எக்ஸ் 100. எஞ்சின் 98 சிசி, சக்தி 11 குதிரைத்திறன், எடை சுமார் 100 கிலோ. ஹெட்லைட்டையும் இண்டிகேட்டரையும் கழற்றி, உயரமான ஹேண்டில்பாரும் கட்டை கட்டையான பட்டன் டயரும் மாட்டினால் பந்தய வண்டி தயார். மண்ணையும் மனதில் வைத்து வடிவமைத்த ஹீரோ இம்பல்ஸ் கடைக்கு வந்தது 2011ல், ஆர்எக்ஸ் வந்து கால் நூற்றாண்டு கடந்த பிறகு.

மைசூர் ஆலை 1996ல் மூடப்பட்டது. ஆர்எக்ஸ் 100ன் தயாரிப்பும் அதே ஆண்டு நின்றது. ஆக, இருப்பதிலேயே இளைய ஆர்எக்ஸுக்கே சுமார் முப்பது வயது. ஆனால் மவுசு குறையவில்லை. நன்றாகப் பராமரித்த வண்டி லட்ச ரூபாயைத் தாண்டி விலைபோகிறது. வாங்க வருபவர்கள் எஞ்சின் சத்தத்தில் சொக்கிப்போகிறார்கள். குனிந்து முன்ஃபோர்க்கைப் பார்ப்பவர்கள் குறைவு.

பார்க்க வேண்டியது அங்கேதான். முன்சக்கரத்தின் இருபுறமும் உள்ள ஃபோர்க் கால் ஒவ்வொன்றும் இரண்டு பகுதிகளைக் கொண்டது. மேலே, 'டி'யில் கவ்வப்பட்டிருக்கும் குரோம் பூசிய எஃகு பைப். கீழே, சக்கரத்தைத் தாங்கியபடி பைப்பின் மேல் ஏறி இறங்கும் அலுமினிய உறை. உள்ளே நீண்ட ஸ்பிரிங்கும் கொஞ்சம் ஆயிலும். பள்ளத்தின் அடியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்கிறது. வாங்கிய அடியை அது உடனே திருப்பிக் கொடுக்காமல் அடக்கிவைப்பது ஆயில். சிறு துளைகள் வழியே பிதுங்கிச் செல்லும்போது அது ஆட்டத்தைத் தணிக்கிறது. அந்த ஆயில் வெளியே வராமல் உறையின் வாயில் காவல் நிற்பதுதான் சீல்.

காவல் தளர்ந்தால் ஆபத்து இரண்டு. முதலாவது, ஆயில் குறைந்த காலில் வெறும் ஸ்பிரிங்தான் மிச்சம். சக்கரம் பந்துபோலக் குதிக்கும். குதிக்கும் சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பு ஏது? இரண்டாவது இன்னும் மோசம். கசியும் ஆயில் காலோடு வழிந்து பிரேக் டிரம்முக்குள் புகக்கூடும். லைனிங்கில் ஆயில் ஊறிவிட்டால் பிரேக் சரியாகப் பிடிக்காது. சில சமயம் எதிர்பாராமல் வெடுக்கென்று பிடிக்கும். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன்பிரேக்குக்குத்தான். 'லேசாக ஆயில் கசியுது, பரவாயில்லை' என்று ஓட்டுபவர்கள் இதை யோசிப்பதில்லை.

சரி, சீல் ஏன் கசிகிறது? வயதானால் ரப்பர் இறுகி வெடிக்கும். வருடக்கணக்கில் மூலையில் நின்ற வண்டிகளில் இது சகஜம். சில நேரம் உதட்டின் அடியில் சிக்கிய மண்ணே காரணமாக இருக்கும். அப்படியானால் வைத்தியம் எளிது. டஸ்ட் கவரை மேலே தள்ளி, பழைய ஃபோட்டோ நெகட்டிவ் துண்டைச் சீலுக்கும் பைப்புக்கும் இடையே விட்டுச் சுற்றி இழுத்தால் மண் வெளியே வந்துவிடும். இதிலேயே கசிவு நின்றுபோன வண்டிகள் உண்டு.

நிற்காவிட்டால் சந்தேகப்பட வேண்டியது பைப்பை. மழையிலும் சேற்றிலும் கிடந்த வண்டியில் குரோம் பூச்சு புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத புள்ளியும் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். பைப் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் புள்ளி அரம்போல சீலின் உதட்டை அறுக்கிறது. இப்படிப்பட்ட பைப்பில் எத்தனை விலை உயர்ந்த சீலைப் போட்டாலும் அறுபடத்தான் செய்யும். வண்டி எப்போதோ விழுந்ததில் பைப் கொஞ்சம் வளைந்திருந்தாலும் இதே கதைதான். சீல் ஒரு பக்கமாகத் தேயும். கழற்றிய பைப்பைக் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்தால் வளைவு காட்டிக்கொடுத்துவிடும்.

மாற்றும் வேலையில் நுணுக்கங்கள் உண்டு. ஃபோர்க்கை வண்டியிலிருந்து இறக்கும் முன்பே மேல்மூடியைத் தளர்த்திவிட வேண்டும். இறக்கிய பிறகு பிடிமானம் கிடைக்காது. மூடியை முழுவதும் திறக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்வது நல்லது. அடியில் ஸ்பிரிங் அழுந்திக் கிடக்கிறது. ஆயிலை வடித்த பின் காலின் அடியில் உள்ள ஆலன் போல்ட். வீட்டில் முயற்சி செய்பவர்கள் தோற்கும் இடம் இது. திருகினால் உள்ளே இருக்கும் டாம்பர் குழாயும் சேர்ந்து சுற்றும், போல்ட் கழலாது. ஸ்பிரிங்கை உள்ளேயே விட்டு காலை அழுத்திப் பிடித்தபடி திருகலாம். அல்லது முனையைச் சீவிய நீண்ட மரக்கம்பை மேலிருந்து செருகி குழாயைச் சுற்றவிடாமல் பிடிக்கலாம்.

பைப்பை உருவிய பிறகு, சீலின் மேலுள்ள கம்பி லாக்கை எடுத்துவிட்டு சீலை நெம்ப வேண்டும். உறையின் விளிம்பில் துணி வைக்காமல் ஸ்க்ரூடிரைவரைப் போட்டால் அலுமினியத்தில் கீறல் விழும். அடுத்த கசிவுக்கு அதுவே வழி. பைப்பைத் திரும்ப மாட்டிய பின், அதன் மேல்முனையில் பாலிதீன் உறையைப் போர்த்தி, உதட்டில் கிரீஸ் தடவிய புது சீலை இறக்குகிறார்கள். சீலில் மெல்லிய ஸ்பிரிங் தெரியும் பக்கம் கீழே, ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். அதன் மேல் பழைய சீலை வைத்து, அளவான பிவிசி குழாயால் சுற்றிலும் சமமாகத் தட்டினால் நேராக உட்காரும். ஒரு காலில் கசிந்தாலும் இரண்டையும் மாற்றுவதே முறை.

அடுத்த தவறு ஆயிலில் நடக்கிறது. ஃபோர்க் ஆயிலுக்குப் பதில் கையில் இருக்கும் எஞ்சின் ஆயிலை ஊற்றும் பழக்கம் நாடெங்கும் இருக்கிறது. தடித்த ஆயில் துளைகளில் சட்டென்று நகராது, ஃபோர்க் விறைத்துப்போகும். 'கொஞ்சம் கூட இருக்கட்டுமே' என்று அளவை மீறி ஊற்றுவதும் தவறு. உள்ளே காற்றுக்கு இடம் சுருங்கி, ஃபோர்க் அழுந்தும்போது அழுத்தம் எகிறி, புது சீலையே பிதுக்கித் தள்ளிவிடும். கையேடு சொல்லும் அளவு, இரண்டு காலிலும் ஒரே அளவு. அவ்வளவுதான் கணக்கு.

ஆயில் ஊறிய பிரேக் ஷூவைப் பெட்ரோலில் கழுவியோ நெருப்பில் காட்டியோ மீண்டும் மாட்டுவது இன்னொரு வழக்கம். உள்ளே ஊறியது சூட்டில் திரும்ப வெளிவரும். ஷூவை மாற்றுவதே சரி. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பது உண்டு. எனவே டிரம்மில் உள்ள தூசியை வாயாலோ கம்ப்ரெசராலோ ஊதக்கூடாது. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுப்பது. புற்றுநோய் வரையில் போகக்கூடியது.

மிஞ்சுவது பைப். சீலின் உதடு தொடாத பகுதியில் இருக்கும் துருவைப் பற்றிக் கவலையில்லை. தொடும் இடத்தில் ஓரிரு புள்ளிகள் என்றால் நைஸான எமரித்தாளில் தேய்த்து மேட்டை மட்டும் எடுத்துவிடலாம். அதற்கு மேல் போய்விட்டால் இரண்டே வழி. ஒன்று, புது பைப். மாற்றுத் தயாரிப்புகள் கடையில் உண்டு. ஆனால் குரோமின் கனத்தில் தரம் காட்டிக்கொடுக்கும். மட்டமானது இரண்டு மழைக்காலத்தில் பல்லிளிக்கும். மற்றொன்று, பழைய பைப்புக்கே ஹார்டு குரோம் பூசி, பிறகு சாணை பிடித்து அசல் அளவுக்குக் கொண்டுவருவது. சைலன்ஸருக்குப் பூசும் பளபளப்பான குரோம் இதற்கு உதவாது. அது அழகுக்கானது, உரசலைத் தாங்காது. தொழிற்பேட்டைகளில் ஹைட்ராலிக் ராடுகளுக்குப் பூசிக்கொடுக்கும் பட்டறைகளே சரியான இடம். செலவு சீலைப்போலப் பல மடங்கு. ஆனால் ஒருமுறை செய்தால் பல வருடம் பேச்சில்லை.

பழைய வண்டியைக் காப்பாற்றுவது என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது பெயிண்ட்டும் ஸ்டிக்கரும் சைலன்ஸரின் மினுமினுப்பும். கண்காட்சிக்கு அது போதும். மண்ணில் ஓட வேண்டிய வண்டிக்குப் போதாது. பழைய ஆர்எக்ஸோ யெஸ்டியோ வாங்கப் போகிறவர்கள் ஒன்று செய்யலாம். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை ஐந்தாறு முறை நன்றாக அழுத்துங்கள். பிறகு பைப்பின் மேல் விரலை ஓட்டுங்கள். விரலில் ஆயில் ஒட்டினால் சீலுக்கான சில நூறு ரூபாயைக் குறைத்துக் கேட்கலாம். நகம் தட்டினால், பைப்புக்கான தொகையையும் சேர்த்துக் குறைக்கச் சொல்லுங்கள்.