தேங்காய் எண்ணெயில் ஒரு பாடம்

பாலர் பாடசாலையால் வந்த பிள்ளை சப்பாத்தைக் கழற்ற முன்னரே கேட்கிறது: "அம்மா, ஐஸ் ஏன் தண்ணியாகுது?" வேலைக் களைப்பில் "அது அப்பிடித்தான்" என்று சொல்லித் தப்பிவிடுகிறோம். நோர்வேஜிய மொழியில் அரைகுறையாகச் சொல்லி மாட்டுப்படுவதிலும் பார்க்கப் பேசாமல் இருப்பது மேல் என்று எண்ணுகிறோம். இந்தப் பாடத்துக்கு நோர்வேஜிய மொழி தேவையில்லை. எங்கள் குசினி போதும்.

ஊரில் தேங்காய் எண்ணெயை நாம் ஊற்றித்தான் பழக்கம். அது ஏறக்குறைய 24 பாகை செல்சியசில் உருகும். யாழ்ப்பாணத்து வெக்கையில் உறைவது அபூர்வம். ஒஸ்லோவிலோ போத்தலுக்குள் வெள்ளைக் கட்டியாகிக் கிடக்கிறது. கரண்டியால் ஒரு துண்டு கிள்ளிப் பிள்ளையின் உள்ளங்கையில் வையுங்கள். உடற்சூட்டில் சற்று நேரத்தில் உருகி ஓடும். தனக்கென ஒரு வடிவத்தோடு இருந்தபோது அது திண்மம். ஓடும்போது திரவம், ஊற்றும் பாத்திரத்தின் வடிவத்தை எடுக்கும். பொருள் ஒன்று, நிலைதான் வேறு. உருகியதைத் தலையில் தடவி வாரிவிட்டால் அந்த வேலையும் முடிந்தது.

அப்படியென்றால் சீனியும் மாவும் ஊற்றுப்படுகின்றனவே என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். ஒரு சீனிமணியை மட்டும் எடுத்துக் காட்டுங்கள். அது தன் வடிவத்தை விடாது.

வாயுவில்தான் பெரியவர்களே பிழை விடுகிறோம். புட்டு அவிக்கும்போது வெள்ளையாக எழும்புவதைக் காட்டி "இதுதான் நீராவி" என்கிறோம். உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது. நாம் காண்பது குளிர்ந்து மீண்டும் நுண்துளிகளாகிய தண்ணீர். கொதிக்கும் கேத்தில் மூக்கின் வாயோரம் ஒன்றுமே தெரியாத சிறு இடைவெளி இருக்கும். நீராவி அங்கேதான் இருக்கிறது. பிள்ளையைத் தள்ளி நிறுத்தியே காட்டுங்கள், கடுமையாகச் சுடும்.

குளிர்காலத்தில் பிளாஸ்ரிக் பெட்டியொன்றில் தண்ணீர் விட்டு, மட்டத்தைக் கோடு கீறி, பல்கனியில் வையுங்கள். உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 வீதம் பெருக்கும், கோட்டைத் தாண்டி நிற்கும். கண்ணாடிப் போத்தல் வேண்டாம், வெடித்துவிடும். பெருப்பதால்தான் பனிக்கட்டி மிதக்கிறது. சொங்ஸ்வான் ஏரியில் மேலே மனிதர் நடக்க, கீழே மீன்கள் உயிரோடிருப்பதும் அதனால்தான்.

சொற்களில் நாம் கவனமாக இருக்கவேண்டும். ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லில் நிற்கும் துளி, அது திரவம். இங்கே வானத்தால் விழுவதையும் பனி என்கிறோம், ஏரி உறைந்ததையும் பனி என்கிறோம்; இவை திண்மம். நோர்வேஜிய மொழியில் இம்மூன்றுக்கும் மூன்று சொற்கள் கற்றுவரும் பிள்ளை, தமிழ் சாப்பிடக் கூப்பிடவும் ஏசவும் மட்டுந்தான் என்று முடிவுகட்டிவிடும். பனித்துளி, வெண்பனி, பனிக்கட்டி என்று பிரித்துச் சொல்வோம். எங்களிடம் சொல் இல்லாமலில்லை, சோம்பல்தான்.

சாமித்தட்டு உள்ள வீடுகளில் இன்னுமொன்று செய்யலாம். ஒரு கற்பூரக்கட்டியைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் திறந்து வையுங்கள். வாயில் வைத்தால் நஞ்சு. நாளாக நாளாக அது சிறுத்துக்கொண்டே போகும். உருகவுமில்லை, தட்டு நனையவுமில்லை. எங்கே போனது என்று பிள்ளை கேட்கும்போது, மூக்கால் தேடச் சொல்லுங்கள்.