இரண்டு சென்ட் தாளும் 36 மாடியும்

நியூயார்க்கின் கிழக்கு 42ஆம் தெருவில் 220ஆம் எண் கட்டடம் ‘டெய்லி நியூஸ்’ நாளிதழுக்காக 1929-30இல் எழுந்தது. வடிவமைத்தவர்கள் ரேமண்ட் ஹூட், ஜான் மீட் ஹோவெல்ஸ். அதன் கணக்கைத் தாளின் விலையிலேயே போட்டுப் பார்க்கலாம்.

வரவு: ஒரு தாள் 2 சென்ட். ஜோசப் மெடில் பேட்டர்சன் 1919இல் தொடங்கிய இந்தப் படப் பத்திரிகை, 1930 வாக்கில் தினமும் சுமார் 13 லட்சம் பிரதி விற்றது. ஒரு நாள் விற்பனை 26,000 டாலர்.

செலவு: சுமார் 1.07 கோடி டாலர். அதாவது 53.5 கோடி பிரதிகளின் விலை. காகிதம், மை, கூலி எதையும் கழிக்காமலே 411 நாள் விற்பனை.

அளவு: 476 அடி உயரம், 36 மாடி. 1916ஆம் ஆண்டு நகர விதிப்படி, மேலே போகப் போகக் கட்டடம் பின்வாங்க வேண்டியிருந்தது; மனையின் 25 சதவீதப் பரப்பில் மட்டும் எவ்வளவு உயரமும் போக முடிந்தது. அந்தப் படிப்படியான உருவம் விதி தந்தது.

மிச்சம்: இதே இருவர் 1922இல் ‘சிகாகோ ட்ரிப்யூன்’ கோபுரப் போட்டியில் 50,000 டாலர் பரிசு வென்றவர்கள். அந்தக் கோபுரத்துக்கு கோதிக் மகுடம் உண்டு. இங்கே மகுடமும் இல்லை, மேல்விளிம்பு அலங்காரமும் இல்லை. வெள்ளைச் செங்கல் பட்டைகள் அடியிலிருந்து நுனிவரை நேராக ஓடி, வெட்டியதுபோல் நின்றுவிடுகின்றன. பட்டைகளுக்கு நடுவே ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே கருஞ்சிவப்புச் செங்கல்.

ஆடம்பரம்: வாசலுக்கும் முகப்புக் கூடத்துக்கும் சுமார் 1.5 லட்சம் டாலர். மொத்தத்தில் 1.4 சதவீதம், ஆறு நாள் விற்பனைகூட இல்லை. கறுப்புக் கண்ணாடிக் கூரையின் கீழே 12 அடி விட்டமும் சுமார் 1,800 கிலோ எடையும் கொண்ட பூமி உருண்டை. பத்து நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று அமைத்தார்கள். நிஜ பூமியைவிட 144 மடங்கு வேகம். தரையில் பதித்த உலோகக் கோடுகள் உலக நகரங்களின் திசையையும் தூரத்தையும் சொல்கின்றன.

ஐந்தொகை: வெளிப்புறம் 1981இலும் கூடம் 1998இலும் நகரப் பாதுகாப்புப் பட்டியலில் ஏறின. நாளிதழ் 1995இல் இடம் மாறியது. வட்டி, பராமரிப்பு நீங்கலாக, கட்டிய செலவை அதுவரையான 65 ஆண்டுக்கு வகுத்தால் ஆண்டுக்கு 1.65 லட்சம் டாலர். 1930 விற்பனையில் ஏழு நாளுக்கும் குறைவு. சிக்கனமாகக் கட்டியவர்களுக்கு நஷ்டமில்லை.