வெள்ளியா, வெள்ளி முலாமா?

கறுத்துப்போனால் வெள்ளி, காந்தம் ஒட்டாவிட்டால் வெள்ளி. நம்ம பக்கம் இந்த இரண்டையும்தான் சோதனை என்று சொல்வார்கள். இரண்டும் போதாது. முலாம் பூசிய சாமானின் மேற்பரப்பும் வெள்ளிதானே, அதுவும் கறுக்கும். அடியில் இருக்கும் பித்தளையிலோ ஜெர்மன் சில்வரிலோ காந்தம் ஒட்டாது.

தேங்காய்ப்பட்டணத்தில் நண்பர் வீட்டில் பாகம் பிரித்தார்கள். கொழும்பில் இருந்த உப்பாவின் சிகரெட் கேஸை, 104 கிராம் வெள்ளி என்று கணக்கெழுதி, தங்கச்சி பங்கில் ரொக்கத்துக்குப் பதிலாக வைக்கப் பேச்சு. "நீங்க ஒண்ணு பாத்து சொல்லுங்க" என்றார் நண்பர்.

முதலில் முத்திரை. உள்பக்கம் கட்டத்துக்குள் கட்டமாக நான்கு எழுத்து: இ.பி.என்.எஸ். நிக்கல் சில்வர் மேல் மின்முலாம் என்று பொருள். நிக்கல் சில்வரும் ஜெர்மன் சில்வரும் ஒன்றுதான். செம்பு, துத்தநாகம், நிக்கல். வெள்ளி பேரில் மட்டும்தான்! பர்மிங்ஹாமின் எல்கிங்டன் 1840-ல் மின்முலாமுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு இப்படிப்பட்ட சாமான் பெருகியது. பல கம்பெனிகள் ஹால்மார்க் மாதிரியே தெரியும்படி எழுத்துக்களை அடித்தன. இங்கிலாந்தின் அசல் ஸ்டெர்லிங்கில் நடக்கும் சிங்கம் இருக்கும்; வேறு நாட்டுச் சாமானில் 925, 800 என்று எண் இருக்கலாம். நம்மூர்த் தட்டான் செய்த சுண்ணாம்பு டப்பி, அரைஞாணில் பெரும்பாலும் எதுவும் இருக்காது. முத்திரை இல்லை என்பதாலேயே தள்ளிவிடக் கூடாது.

அப்போது அடர்த்திதான் கைகொடுக்கும். சமையலறை டிஜிட்டல் தராசு போதும். 0.1 கிராம் காட்டினால் நல்லது. முதலில் சாமானை எடை போடுங்க. பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, சாமானை நூலில் கட்டி முழுக்க மூழ்கவிடுங்க. அடியில் தொடக்கூடாது, உள்ளே காற்றுக்குமிழி நிற்கக்கூடாது (மூடியைத் திறந்தே இறக்கணும்). இப்போது தராசு காட்டும் கிராம்தான் சாமானின் கனஅளவு. கேஸுக்கு வந்தது 12. 104-ஐ 12-ஆல் வகுத்தால் 8.67. தூய வெள்ளி 10.49, ஸ்டெர்லிங் சுமார் 10.3, நிக்கல் சில்வர் 8.7-ஐ ஒட்டி, பித்தளை அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஸ்டெர்லிங் என்றால் தராசு 10-தான் காட்டியிருக்கும்.

உள்ளே வெளியே சேர்த்து 300 சதுர செ.மீ., முலாம் தாராளமாக 20 மைக்ரான் என்றே வைத்தாலும் வெள்ளி 6 கிராம் சொச்சம். அதையும் பிரித்தெடுக்கிற செலவு தனி. தங்கச்சிக்கு ரொக்கமாகவே கொடுத்தார்கள். கேஸை நினைவுக்கென்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

அளக்க வசதி இல்லையென்றால் விளிம்பு, கீல், கட்டைவிரல் படும் இடம் மூன்றையும் பாருங்க. முலாம் அங்கேதான் முதலில் தேயும். மஞ்சளோ சிவப்போ எட்டிப் பார்க்கும். கடற்கரை ஊரில் பச்சையும் பூக்கும். ஆனால் ஸ்டெர்லிங்கிலும் 7.5 சதவீதம் செம்பு உண்டு, லேசான பச்சையை மட்டும் நம்பி முடிவு கட்டாதீங்க.

முலாம் என்று தெரிந்தபின் திருநீறு, பற்பசை போட்டுத் தேய்க்க வேண்டாம், ஒவ்வொரு தேய்ப்பிலும் வெள்ளி போகும். மென்துணி போதும். ரப்பர் பேண்ட் போட்டும் கட்டி வைக்காதீங்க. ரப்பரில் கந்தகம் இருக்கு, பட்ட இடம் கோடாகக் கறுக்கும்.