சிக்னல் முழுசு, நெட் மட்டும் ஸ்லோ

லேப்டாப்பின் மூலையில் வைஃபை குறி முழுதாக நிரம்பியிருக்கும். வீடியோ அழைப்பில் எதிரே பேசுபவரின் முகமோ பாதி வார்த்தையில் உறைந்து நிற்கும். "சிக்னல் ஃபுல்லாத்தானே இருக்கு?" என்று அப்போது யாராவது கேட்பார்கள். அந்தக் குறி சொல்வது ஒரே விஷயத்தைத்தான்: ரூட்டரின் அலை எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பது. அந்த அலைவரிசையில் தன் முறை வருவதற்கு லேப்டாப் எவ்வளவு நேரம் காத்துக்கிடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. தெருமுனையில் கேபிள் அறுந்து கிடந்தாலும் அந்தக் குறியின் கோடுகள் குறையாது.

ஆகவே முதலில், கோளாறு எந்தப் பக்கம் என்று பிரிக்க வேண்டும். அதற்கு ஒரு லேன் கேபிள் போதும். ஒரு முனையை ரூட்டரிலும் மறுமுனையை லேப்டாப்பிலும் செருகி, வைஃபையை அணைத்துவிட்டு வேகத்தைச் சோதிக்கலாம். கேபிளிலும் வேகம் இல்லையென்றால் கோளாறு வெளியிலிருந்து வரும் இணைப்பில் இருக்கும், அல்லது ரூட்டரில் இருக்கும். கேபிளில் 100 எம்பிபிஎஸ் வந்து, வைஃபையில் 15 மட்டும் வந்தால் தேட வேண்டிய இடம் வீட்டுக்குள்தான்.

மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் லேன் துளையே இருப்பதில்லை. அவற்றில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ரூட்டரின் முகவரிக்குப் பிங் அனுப்பிப் பார்க்கலாம். பல வீடுகளில் அந்த முகவரி 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ இருக்கும். அறையைத் தாண்டிப் போய்த் திரும்பும் செய்திக்குச் சில மில்லிவினாடிகள் போதும். ஒரு முறை 3, அடுத்த முறை 250, நடுவில் ஒன்று திரும்பி வரவே இல்லை என்று எண்கள் தாவினால் வைஃபையில்தான் நெரிசல் என்று முடிவு கட்டலாம்.

இந்த நெரிசலுக்கு வேர் 1985இல் இருக்கிறது. அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையம் அந்த ஆண்டில் சில அலைவரிசைகளை உரிமம் இல்லாத வானொலித் தொடர்புக்குத் திறந்துவிட்டது. அவற்றில் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்யும் 2.45 கிகாஹெர்ட்ஸும் இதற்குள்தான் வருகிறது. வைஃபைக்கான முதல் தரநிலை 1997இல் வந்தபோது அதன் வேகம் வெறும் 2 எம்பிபிஎஸ். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு உரிமம் தேவையில்லை என்ற அறிவிப்பு 2005இல் வந்தது. இன்று வைஃபையோடு புளூடூத், வயர்லெஸ் மவுஸ் எல்லாமே இந்த ஒரே வரிசையில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன.

இந்த வரிசையின் மொத்த அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ். இதில் 13 சேனல்கள் இருந்தாலும் ஒன்றுக்கொன்று இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு ரூட்டருக்கோ குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். அதனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக்கூடியவை பொதுவாக மூன்றே: 1, 6, 11. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது ரூட்டர்கள் இருந்தால் இருபதும் இந்த மூன்றுக்குள் அடங்கியாக வேண்டும்.

ஒரே சேனலில் இருக்கும் கருவிகள் ஒரே மைக்கைச் சுற்றி நிற்கும் பேச்சாளர்களைப் போன்றவை. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் படம் பார்த்தாலும் இந்த வீட்டு லேப்டாப் காத்திருக்கிறது. இதிலிருந்து தப்பிக்க ரூட்டரை 3ஆம் சேனலுக்கு மாற்றினால் நிலைமை பெரும்பாலும் மோசமாகும். 1இல் இருப்பவர்களின் பேச்சும் 6இல் இருப்பவர்களின் பேச்சும் அங்கே அரைகுறையாக, வெறும் இரைச்சலாக வந்து விழும். முறை வைத்துப் பேசவும் அங்கே வழியில்லை.

வீட்டுக்குள்ளேயும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் 2003இல் அதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 11 எம்பிபிஎஸ் வேகத்தில் பேசும் கருவிகளுக்கு நடுவே, தூரத்தில் இருப்பதால் 1 எம்பிபிஎஸ்ஸில் பேசும் ஒன்று புகுந்தால் அத்தனை பேருடைய வேகமும் 1 எம்பிபிஎஸ்ஸுக்கும் கீழே போய்விடும். எல்லோருக்கும் பேசச் சமமான வாய்ப்புதான். ஆனால் மெதுவாகப் பேசுபவர் அதே செய்தியைச் சொல்ல அதிக நேரம் எடுத்துக்கொள்கிறார். கடைசி அறையில் தவிக்கும் பழைய போன் ஒன்று, ரூட்டருக்கு அருகிலேயே இருக்கும் லேப்டாப்பையும் இழுத்துப் பிடிப்பது இப்படித்தான்.

இதே வரிசையில் குறுக்கிடும் மைக்ரோவேவ் அடுப்பின் சேட்டை வானியலாளர்களையே சுற்றலில் விட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸில் உள்ள 64 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியில் 1998 முதல் அவ்வப்போது விநோதமான துடிப்புகள் பதிவாகிவந்தன. 2015இல் புதிதாகப் பொருத்திய கண்காணிப்புக் கருவி, அதே நொடிகளில் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் ஏதோ எழுவதைக் காட்டிக்கொடுத்தது. அடுப்பு நிற்கும்வரை பொறுக்காமல் யாரோ கதவைத் திறந்ததுதான் காரணம். அந்தத் தொலைநோக்கியை நடத்தும் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்துக்கு வைஃபையோடு பழைய உறவும் உண்டு. சுவர்களில் பட்டுச் சிதறி வரும் அலைகளின் குழப்பத்தைச் சமாளிக்கும் வழிக்கு, ஜான் ஓசல்லிவன் முதலான அதன் பொறியாளர்கள் 1990களில் காப்புரிமை பெற்றார்கள்.

லேப்டாப் எந்த வரிசையில் நிற்கிறது என்று பார்ப்பது எளிது. விண்டோஸில் வைஃபை அமைப்புக்குள் இணைப்பின் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் பேண்ட், சேனல், லிங்க் ஸ்பீட் மூன்றும் இருக்கும். சேனல் 1 முதல் 13க்குள் என்றால் பெரும்பாலும் 2.4. 36 அல்லது அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ். லிங்க் ஸ்பீட் 72 என்று இருந்தால் கையில் வருவது ஏறக்குறைய அதில் பாதிதான். மீதி நேரம் காத்திருப்பதிலும், 'வந்து சேர்ந்தது' என்று பதில் அனுப்புவதிலும் கரைகிறது. அதே லேப்டாப் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் 866 வரை காட்டக்கூடும். அந்த வரிசையில் சேனல்களும் அதிகம், கூட்டமும் குறைவு. ஆனால் கான்கிரீட் சுவரையோ இரும்பு பீரோவையோ தாண்டும்போது அந்த அலை சீக்கிரம் சோர்ந்துவிடும். இரண்டு வரிசைக்கும் ஒரே பெயர் இருக்கும் ரூட்டரில், சில லேப்டாப்கள் பிடித்த 2.4ஐ விடாமல் தொங்கிக்கொண்டிருக்கும். பெயரைத் தனித்தனியாக மாற்றினால் எது எது என்று தெரிந்துவிடும்.

லேப்டாப்பின் உள்ளேயும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். வைஃபை ஆன்டெனா பெரும்பாலும் திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள் இருக்கிறது. அங்கிருந்து மெல்லிய இரண்டு ஒயர்கள் கீல் வழியே இறங்கி, விரல்நுனி அளவுள்ள வைஃபை கார்டில் செருகப்பட்டிருக்கும். சர்வீஸ் செய்து வாங்கிய பிறகு வேகம் குறைந்திருந்தால் அந்தச் செருகி கழன்றிருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் வைஃபை படுத்துவிட்டால் அதுவும் தற்செயல் இல்லை. அந்த இணைப்பு எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் விழுகிறது என்று இன்டெல் 2012இல் வெளியிட்ட ஆய்வறிக்கை சொல்கிறது. டிஸ்க்கை நீளமான கேபிளில் தள்ளி வைக்கலாம், அல்லது 5க்கு மாறலாம்.

வீட்டின் ஓர் அறைக்கு அலை போகவில்லை என்று ரிப்பீட்டர் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே வரிசையில் வாங்கி அதே வரிசையில் கொடுக்கும் ரிப்பீட்டர், ஒவ்வொரு செய்தியையும் இரண்டு முறை காற்றில் அனுப்ப வைக்கிறது. வேகம் பாதியாகிறது. அதை வாங்குவதற்கு முன் ரூட்டரை டிவி அலமாரிக்குள்ளிருந்து எடுத்து, வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு ஏற்றிப் பார்க்கலாம். இடம்விட்டு நகராத ஸ்மார்ட் டிவியையும் மேசைக் கணினியையும் லேன் கேபிளுக்கு மாற்றிவிட்டால், அவை பிடித்துவைத்திருந்த நேரம் அப்படியே லேப்டாப்புக்குக் கிடைக்கும். அதன் அமைப்பில் ஒன்றையும் தொட வேண்டியிருக்காது.