தண்டவாளம் போன வழியில் சைக்கிள் வருமா? போடி ரயில் பாதையும் டாப் ஸ்டேஷன் தடமும்

ராசிங்காபுரத்தில் சைக்கிளை எடுத்து மிதித்தால் ஒரு மணி நேரத்துக்குள் போடிநாயக்கனூர் ரயில் நிலையத்துக்கு வந்துவிடலாம். வழி முழுக்க மேற்கே மலை கூடவே வரும். அந்தச் சரிவில் ஏலத்தோட்டம், அதற்கும் மேலே தேயிலை.

இதே ரயில் நிலையத்துக்கு 2015-ல் வந்திருந்தால் ரயிலைப் பார்த்திருக்க முடியாது. அகலப் பாதை வேலைக்காக 2010 டிசம்பர் 31-ம் தேதியோடு மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்திவிட்டார்கள். மதுரையிலிருந்து போடி வரை சுமார் 90 கி.மீ. தூரத்துக்கு வேலை மெல்ல, ரொம்ப மெல்ல நகர்ந்து வந்தது. பாதையின் இந்தக் கடைசிப் பகுதி பல வருஷம் தண்டவாளம் இல்லாத வெறும் மண் கரையாகக் கிடந்தது.

ரயில் ஓடாமல் கிடக்கும் இந்த மாதிரி கரையைப் பார்த்தால் வெளிநாட்டில் சைக்கிள்காரர்களுக்கு வேறு யோசனை வரும். தார் போடு, ஓரத்தில் நாலு மரம் வை, சைக்கிள் விடு! அமெரிக்காவில் மட்டும் இப்படி மாறிய தடங்கள் 2,000-க்கு மேல். நம்ம ஊரில் ஏன் இது நடக்கவில்லை, நடந்திருக்க வேண்டுமா என்பதைப் பார்க்க போடியைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கஷ்டம். இங்கே கீழே ஒரு ரயில் பாதை, மேலே ஒரு ரயில் பாதை. இரண்டும் செத்தன. ஒன்று மட்டும் திரும்பி வந்தது.

ரயில் போன வழி சைக்கிளுக்கு ஏன் சுகம்?

இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரம். உராய்வு குறைவு என்பதால்தான் ஒரு என்ஜின் அத்தனை பெட்டிகளை இழுக்கிறது. ஆனால் அதே காரணத்தால் மேடு ஏறுவது ரயிலுக்குச் சிரமம், சக்கரம் வழுக்கும். அதனால் ரயில் பாதை போட்டவர்கள் மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தை மண் கொட்டி நிரப்பினார்கள், ஆற்றுக்குப் பாலம், குன்றுக்குச் சுரங்கம் என்று வழியைச் சமன்படுத்தினார்கள். பொதுவாக 100 மீட்டர் முன்னால் போனால் ஒரு மீட்டர், மிஞ்சினால் இரண்டு மீட்டர் ஏற்றம். திருப்பங்களும் அகலமானவை.

கால் வலிக்காமல் மிதிக்க இதைவிட என்ன வேண்டும்? தண்டவாளத்தைக் கழற்றிவிட்டால் மிச்சம் இருப்பது, ஊரையும் ஊரையும் இணைக்கிற, லாரி பஸ் இல்லாத, ஏற்றம் தெரியாத ஒரு பாதை. பத்து வயசுப் பிள்ளையும் போகலாம், அறுபது வயசுக்காரரும் போகலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க போடிமெட்டு மலைச்சாலை இருக்கிறது. போடியிலிருந்து மெட்டு 26 கி.மீ., 17 கொண்டை ஊசி வளைவு, ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம். சராசரி போட்டால் 100 மீட்டருக்கு 4 மீட்டர் ஏற்றம் வருகிறது. அடிவாரம் வரைக்கும் உள்ள சமதளத்தைக் கழித்தால் உண்மையான ஏற்றம் அதைவிட அதிகம். சைக்கிள் கிளப்காரர்கள் இதைச் சவாலாக எடுத்து ஏறுகிறார்கள். மற்றவர்களுக்கு மூச்சு முட்டும்.

அமெரிக்காவில் எப்படிச் செய்தார்கள்?

அங்கே ரயில் பாதைகளின் மொத்த நீளம் உச்சத்தைத் தொட்டது 1916-ல், சுமார் 4 லட்சம் கி.மீ. பிறகு காரும் லாரியும் வர, தனியார் ரயில் கம்பெனிகள் நஷ்டப் பாதைகளைக் கைவிட ஆரம்பித்தன. விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய் – ஸ்பார்ட்டா ஊர்களுக்கு இடையே மூன்று சுரங்கங்களோடு இருந்த பழைய பாதை 1960-களில் சைக்கிள் தடமானது. இந்த வகையில் முன்னோடி அதுதான். மினசோட்டாவின் பால் பன்யன் தடம் 180 கி.மீ.க்கு மேல் நீளம், தார் போட்டது, அதுவும் பழைய ரயில் வழிதான்.

சிக்கல் நிலத்தில் வந்தது. பல இடங்களில் ரயில் கம்பெனிக்கு நிலம் சொந்தமில்லை, ரயில் விடும் உரிமை மட்டும்தான். ரயில் நின்றால் நிலம் பக்கத்துத் தோட்டக்காரருக்குத் திரும்பிவிடும். நடுவில் ஒரு கிலோமீட்டர் போனாலும் மொத்தப் பாதையும் துண்டாகிவிடும். இதற்காக 1983-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. பாதையைக் கைவிட்டதாகக் கணக்கில் எழுதாமல், 'எதிர்காலத்தில் ரயில் தேவைப்படலாம், அதுவரை தடமாக இருக்கட்டும்' என்று சேமிப்பில் போட்டு வைக்கலாம். நிலக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1990-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

கேட்க அழகான ஏற்பாடு. ஆனால் அப்படிச் சேமித்து வைத்த பாதைகளில் மறுபடி ரயில் ஓடியவை வெகு சில. ஒருமுறை சைக்கிள் ஓட ஆரம்பித்துவிட்டால், ரயில் திரும்பி வருவதை அந்தப் பக்கத்து ஜனங்களே விரும்புவதில்லை. போடிக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

இரண்டு தடவை தண்டவாளம் இழந்த போடி

மதுரை – போடி ரயில் பாதை 1928-ல் திறந்தது. மலையிலிருந்து இறங்கும் ஏலக்காய், காபி, தேயிலைக்கு இது வாசல். இரண்டாம் உலகப் போர் வந்தபோது இரும்புக்குத் தட்டுப்பாடு, முக்கியமில்லை என்று கருதிய பாதைகளின் தண்டவாளங்களைப் பிடுங்கினார்கள். போடி பாதையும் அதில் போனது. சுதந்திரத்துக்குப் பிறகு 1950-களில்தான் மறுபடி தண்டவாளம் போட்டு ரயில் வந்தது.

இரண்டாவது தடவை 2010 கடைசியில். ஆண்டிபட்டி கணவாயில் பாறையை அகலமாக வெட்ட வேண்டியிருந்தது, பாலங்களைப் புதுசாகக் கட்ட வேண்டியிருந்தது, பணம் தவணை தவணையாக வந்தது. உசிலம்பட்டி வரைக்கும், ஆண்டிபட்டி வரைக்கும் என்று துண்டு துண்டாக முடித்து, 2022 மே மாதம் தேனிக்கு ரயில் வந்தது. தேனியிலிருந்து போடிக்கு மிச்சம் இருந்தது 15 கி.மீ. அதற்கு இன்னும் ஒரு வருஷம். 2023 ஜூன் 15-ல் சென்னை சென்ட்ரல் – போடி எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது, வாரம் மூன்று நாள்.

இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் யாராவது அந்தக் கரையில் தார் ஊற்றி அழகான சைக்கிள் தடம் போட்டிருந்தால்? படம் பிடிக்க நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ராசிங்காபுரத்திலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கும், சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிற அம்மாவுக்கும் அது உதவியிருக்காது. நாட்டில் ஏலக்காய்க்கு மின் ஏலம் நடக்கும் மையங்கள் போடியும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியும்தான். அப்படிப்பட்ட ஊருக்குத் தேவை ரயில். கம்பம் பள்ளத்தாக்குக்காரர்கள் திண்டுக்கல் – லோயர் கேம்ப் பாதை வேண்டும் என்று பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பதும் இதே காரணத்தால்தான்.

இந்தியாவில் பழைய ரயில் வழிகள் சைக்கிள் தடமாக மாறாததற்குப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. இங்கே ரயிலும் நிலமும் ஒரே கையில், மத்திய அரசிடம். பாதை நின்றாலும் நிலம் ரயில்வேயிடமே இருக்கும், இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு ரயில் வரும் என்ற எதிர்பார்ப்பும் இருக்கும். 1964 புயலில் போன தனுஷ்கோடி பாதையைத் திரும்பப் போட 2019-ல்கூட அடிக்கல் நாட்டினார்கள். அரை நூற்றாண்டு கழிந்தும் அந்த ஆசை விடவில்லை.

மேலே இருந்த ரயில்

இப்போது மலைக்கு மேலே. மூணாறில் ரயில் ஓடியது என்று சொன்னால் இன்றைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள்.

கண்ணன் தேவன் மலைத் தேயிலையைக் கீழே கொண்டுவர 1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். பாரம் முக்கால்வாசி அந்த ஒரே தண்டவாளத்தில் உருளும் சக்கரத்தின் மேல். சாயாமல் இருக்கப் பக்கத்தில் இன்னொரு சக்கரம் ரோட்டில் உருளும். இழுத்தது மாடுகள். பஞ்சாபில் பாட்டியாலா சமஸ்தானத்திலும் இதே முறையில் ரயில் ஓடியது. அந்த என்ஜின் டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1908-ல் மூணாறு பாதையை இரண்டு அடி அகலக் குறும்பாதையாக மாற்றி நீராவி என்ஜின் விட்டார்கள். வழியில் மாட்டுப்பட்டி, பாலாறு என்று நிலையங்கள்.

டாப் ஸ்டேஷன் என்ற பெயரே அப்படி வந்ததுதான். அங்கே இறக்கிய தேயிலைப் பெட்டிகள் சுமார் 5 கி.மீ. கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு, அதாவது 'பாட்டம் ஸ்டேஷனுக்கு' இறங்கின. நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன். அந்தப் பெயரில் இன்றும் மலைக்கிராமம் இருக்கிறது, ஸ்டேஷன்தான் இல்லை. கொட்டகுடியிலிருந்து மாட்டு வண்டியில் போடி, அங்கிருந்து ரயிலடி, துறைமுகம், கடைசியில் லண்டன்.

1924 ஜூலையில் பெருமழை. மலையாளக் கணக்கில் கொல்லம் 1099 என்பதால் கேரளத்தில் இன்றும் அதைத் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்பார்கள். மூணாறு ரயில் அதில் அடித்துக்கொண்டு போனது. மறுபடி கட்டவில்லை. மேலே ரயில் போன நாலாவது வருஷம் கீழே போடிக்கு ரயில் வந்தது. ஒரே தேயிலைக்காகப் போட்ட இரண்டு பாதைகள் ஒரு நாள்கூடச் சேர்ந்து ஓடவில்லை.

மூணாறு ரயில் நிலையம் தேயிலைக் கம்பெனி அலுவலகமானது. பாதை பல இடங்களில் சாலையாக மாறியது. இன்று மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி அணை, எக்கோ பாயிண்ட், குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் போகும் சுமார் 32 கி.மீ. சாலை பெரும்பாலும் அந்த ரயில் வழியை ஒட்டியே வளைகிறது. அதாவது, யாரும் பெயர் வைக்காமலேயே நம்ம பக்கத்தில் பழைய ரயில் வழியில் தார் போட்ட நீளமான பாதை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சைக்கிளில் போகலாம்.

ஆனால் அமெரிக்கத் தடம் மாதிரி நினைத்துப் போனால் ஏமாற்றம். வண்டிகளோடு பங்குபோட வேண்டிய சாலை இது. சீசனில் ஜீப், வேன், பஸ் வரிசை கட்டி நிற்கும். விடிந்ததும் கிளம்பி, சுற்றுலாக் கூட்டம் வரும் முன் மாட்டுப்பட்டியைத் தாண்டிவிடுவது நல்லது. பனிமூட்டம் இருந்தால் முன் விளக்கு, பின் விளக்கு இரண்டும் எரிய வேண்டும். 'படையப்பா' என்று பெயர் வாங்கிய கொம்பன் யானை நடமாடும் பகுதி என்பதையும் மறக்க வேண்டாம். அது வழியில் நின்றால் திரும்பிவிட வேண்டியதுதான், படம் எடுக்கப் போகக் கூடாது.

போடியிலிருந்து போகிறவர்கள் போடிமெட்டு ஏறி, பூப்பாறை வழியாக மூணாறு போக வேண்டும். மெட்டிலிருந்து மூணாறு 42 கி.மீ. அகலப்படுத்திய சாலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. வெளியூர்க்காரர்கள் சைக்கிளை ரயிலிலேயே பார்சலாகப் போட்டு போடியில் இறக்கிக்கொள்ளலாம்.

நடுவில் விட்டுப்போன 5 கிலோமீட்டர்

வரைபடத்தைப் பார்த்தால் ஒரு கேள்வி தானாக வரும். கம்பிவடம் 5 கி.மீ.யில் கடந்த தூரத்துக்கு ஏன் மூணாறு சுற்றிப் போக வேண்டும்?

ஏனென்றால் குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு வண்டி போகும் சாலை கிடையாது, நடைபாதைதான். ரோடு போட்டால் போடிக்கும் மூணாறுக்கும் தூரம் குறையும் என்ற கோரிக்கை பழையது. நடுவில் இருப்பது காடு, வனத்துறை அனுமதி வேண்டும். சைக்கிள்காரர்களுக்கு இந்தச் சரிவு ஆசை காட்டும், செங்குத்தாக இறங்கும் மண் பாதை. ஆனால் இந்த மலையின் கோடை எப்படி இருக்கும் என்பதை 2018 மார்ச் 11 காட்டியது. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய மலையேற்றக் குழு காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த போதைப்புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதரால் ஓட முடியாது. அதன் பிறகு விதிகள் இறுகின. வனத்துறை திறந்துவிடும் பாதையில், முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு மட்டும்தான் போக முடியும். தீக்காலத்தில் அதுவும் கிடையாது.

இதில் சைக்கிள் ஓட்ட இடம் கிடைக்குமா என்பது சின்ன விஷயம். டாப் ஸ்டேஷனின் பெயர்பெற்ற காட்சிமுனை தமிழ்நாட்டு எல்லைக்குள், தேனி மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே குடியிருப்பவர் வண்டியில் போடிக்கு வர வேண்டுமென்றால் முதலில் கேரளத்துக்குள் 32 கி.மீ. போய் மூணாறு, அங்கிருந்து 42 கி.மீ. போடிமெட்டு, அப்புறம் 26 கி.மீ. இறக்கம். ஆக, நூறு கிலோமீட்டர். நூறு வருஷத்துக்கு முன்னால் தேயிலைப் பெட்டி நேராக இறங்கியது. அவர் இன்றைக்குச் சுற்றி வருகிறார், இல்லையென்றால் நடந்து இறங்குகிறார்.